ஒளிந்து விளையாடும் விளையாட்டும் ஒளிந்திருந்த சிப்பும்

நீண்ட பதிவு. பொறுமையா படிங்க.

இது மருத்துவப் பதிவு இல்லை. ஒரு பழைய வீடியோ கேமின் வரலாறு. ஆனா நடுவுல ரெண்டு மூணு இடத்துல டாக்டர் புத்தி எட்டிப் பார்க்கும். மன்னிச்சுக்கோங்க.

போன மாதம் ஜப்பானில் இருந்து எனக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு சிடி. 1999இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் கேம். செகண்ட் ஹேண்ட்தான், ஆனா ஒரிஜினல். காசு கொடுத்து, சுங்கவரியும் கட்டி வாங்கினது.

பரண்மேல இருந்த என் பழைய பிளேஸ்டேஷனை இறக்கி, தூசி தட்டி, டிஸ்க்கைப் போட்டேன். ஓடுச்சு.

சந்தோஷம்தான். ஆனா ஒரு விஷயம் உறுத்திக்கிட்டே இருந்தது.

என் மெஷின் ஐரோப்பாவுக்காகச் செய்யப்பட்டது. டிஸ்க் ஜப்பானுக்காகச் செய்யப்பட்டது. இது ரெண்டும் சேரக்கூடாதுன்னு கம்பெனியே பூட்டு போட்டிருக்கு. அப்புறம் எப்படி ஓடுச்சு?

இருபது வருஷத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் அந்த மெஷினைப் பிரிச்சு, உள்ளே ஒரு சின்ன சிப்பை சால்டர் பண்ணி வச்சிருக்கார். திருட்டு சிடி ஓட்டுறதுக்காக வச்ச சிப்.

அதாவது, நான் நேர்மையா காசு கொடுத்து வாங்கின பொருளை ஓட்ட, திருட்டுக்காக வச்ச சிப் தேவைப்படுது.

இந்தக் கணக்கு எப்படி வந்தது? அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

முதல்ல அந்த கேம்.

பேரு டென்ச்சு. ஜப்பானிய மொழியில் "வானம் தரும் தண்டனை" என்று பொருள். 1860களில் கியோட்டோ நகரத்தில் அரசியல் கொலைகள் செய்தவர்கள் முழக்கமாகப் பயன்படுத்திய சொல் அது. கேமின் கதை அதைவிடப் பழைய காலத்தில், குறுநில மன்னர்கள் ஒருத்தரோட ஒருத்தர் அடிச்சுக்கிட்டிருந்த ஜப்பானில் நடக்குது. கோடா என்ற பிரபுவுக்காக வேலை செய்யும் ரெண்டு நிஞ்சாக்கள். ரிக்கிமாரு, அயாமே. இவங்கள்ல ஒருத்தராக நீங்க ஆடணும்.

1998 பிப்ரவரியில் ஜப்பானில் வெளிவந்தது. உருவாக்கியது அக்வயர் என்ற சின்ன கம்பெனி. தலைவர் தக்குமா எண்டோ. அவங்க அதிகம் அறியப்படாத காலம் அது. அதே வருஷம் ஆக்டிவிஷன் கம்பெனி இதை ஆங்கிலத்தில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கொண்டு போனது.

இதுல என்ன புதுசு?

அப்போ இருந்த பெரும்பாலான ஆக்‌ஷன் கேம்களில் எதிரியைப் பார்த்தா அடிக்கணும். சுடணும். எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது. டென்ச்சுவில் நேருக்கு நேர் நின்னா நீங்க பாதி செத்த மாதிரி. காவலாளி கத்தியால் தடுப்பான், திருப்பி வெட்டுவான், பக்கத்துல இருக்கிறவனும் ஓடி வருவான். பின்னாடி பூனை மாதிரி போய் நின்னா மட்டும் ஒரே அடி.

அதனால கேம் முழுக்க என்ன வேலைன்னா, காத்திருக்கிறது. சுவர் ஓரமா ஒட்டி நின்னு, மூலையில் எட்டிப் பார்க்கிறது. காவலாளி எந்தப் பக்கம் நடக்குறான், எங்க திரும்புறான், எவ்வளவு நேரம் நிக்கிறான்னு எண்ணுறது. அப்புறம் கயிற்றுக் கொக்கியை வீசி ஓட்டுக்கூரை மேல ஏறி, மேல இருந்து முழுத் தெருவையும் பார்க்கிறது.

மருத்துவக் கல்லூரியில் மூணாம் வருஷம் வார்டுக்குப் போனப்போ எங்க பேராசிரியர் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இதேதான். நோயாளி மேல கை வைக்கிறதுக்கு முன்னாடி, தள்ளி நின்னு பாரு. எப்படி மூச்சு விடுறார், எப்படிப் படுத்திருக்கார்னு பாரு. அப்புறம்தான் தொடணும். எனக்கு அது புதுசா தெரியலை. ஏற்கனவே ஓட்டுக்கூரை மேல உட்கார்ந்து படிச்சதுதான்.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி உண்டு. "கி" மீட்டர். எதிரி பக்கத்துல வர வர அதில் இருக்கும் எண் ஏறும். அவனுக்கு உங்களைப் பத்தித் தெரியாத வரைக்கும் கேள்விக்குறி. தெரிஞ்சுட்டா ஆச்சரியக்குறி. அவ்வளவுதான். ஜப்பானிய மொழி ஒரு எழுத்துகூடத் தெரியாத நான் இன்னைக்கு அந்த டிஸ்க்கை ஆட முடியுதுன்னா, இந்த ரெண்டு குறிகளும்தான் காரணம்.

பை நிறைய சாமான் வேற. எறியும் நட்சத்திரக் கத்தி, புகைக் குண்டு, வழியில் தூவுற இரும்பு முள், விஷம் கலந்த சோற்று உருண்டை. அந்த உருண்டையை காவலாளி வர்ற வழியில் போட்டா, குனிஞ்சு எடுத்துச் சாப்பிடுவான். சின்ன வயசுல சிரிச்சிருக்கேன். இப்போ அதைப் பார்த்தா கேஷுவாலிட்டியில் ஸ்டமக் வாஷ் ட்யூபை எங்க வச்சோம்னுதான் மனசு ஓடுது.

கலர் கலரா அரிசியும் உண்டு. வந்த வழி மறக்காம இருக்கத் தரையில் போட்டுக்கிட்டே போகலாம்.

இன்னொண்ணையும் கவனிங்க. டென்ச்சுவில் எங்க பார்த்தாலும் இருட்டு. பத்தடி தள்ளி என்ன இருக்குன்னு தெரியாது.

அந்த பிளேஸ்டேஷனின் முதன்மை மெமரி 2 எம்.பி. புராசசர் வேகம் 33.8 மெகாஹெர்ட்ஸ். இன்னைக்கு உங்க போனில் எடுக்கும் ஒரு போட்டோவே 2 எம்.பி.யைத் தாண்டும். அவ்வளவு சின்ன மெஷினால் ஒரு முழு ஊரைத் தூரம் வரைக்கும் வரைஞ்சு காட்ட முடியாது. நிஞ்சா ராத்திரியில்தானே வருவான்? இருட்டு கதைக்கும் பொருந்துச்சு, மெஷினுக்கும் பொருந்துச்சு. கண்ணால் பார்க்க முடியாததை அந்த "கி" மீட்டர் சொல்லும். மெஷினால் முடியாததையே விளையாட்டாக மாத்திட்டாங்க.

இது முதல் தடவை இல்லை. 1987இல் ஹிடியோ கொஜிமா "மெட்டல் கியர்" செய்தபோதும் இதே கதைதான். எம்.எஸ்.எக்ஸ்.2 கணினியால் திரையில் நிறைய எதிரிகளையும் குண்டுகளையும் ஒரே நேரத்தில் காட்ட முடியலை. சரி, சண்டை போடாம ஒளிஞ்சு போற கேமா செய்வோம்னு அவர் போனார். அதுக்கும் முன்னாடி, 1981இல் சைலஸ் வார்னர் செய்த "காசில் வுல்ஃபென்ஸ்டைன்" கேமில் நாஜிக் கோட்டையில் எதிரி சீருடையைப் போட்டுக்கிட்டு நழுவணும்.

ஆக ஒளிந்து ஆடும் கேம் புதுசு இல்லை. ஆனா முப்பரிமாணத்தில், கூரை மேலயும் சுவர் ஓரமாவும் போற மாதிரி, முழுக்க முழுக்க ஒளியிறதையே விளையாட்டா வச்சு முதலில் வந்தவற்றில் ஒண்ணு டென்ச்சு.

அப்புறம் ஏன் உங்கள்ல பல பேருக்கு இந்தப் பேரே தெரியலை?

1998தான் காரணம். பிப்ரவரியில் டென்ச்சு வந்தது. செப்டம்பரில் "மெட்டல் கியர் சாலிட்" வந்தது. உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேல வித்தது. வருஷக் கடைசியில் கணினிக்கு "தீஃப்" வந்தது. ஒரே வருஷத்தில் மூணு. பின்னாடி வந்த ரெண்டும் வரலாற்றுப் புத்தகத்தில் உட்கார்ந்துடுச்சு. முதல்ல வந்தது நல்லா வித்தும் ஓரத்துக்குப் போயிடுச்சு.

சரி, நான் வாங்கின டிஸ்க்குக்கு வர்றேன். அது முதல் டென்ச்சு இல்லை.

1999இல் ஜப்பானில் டென்ச்சுவை மறுபடி வெளியிட்டாங்க. ஆங்கிலப் பதிப்பில் சேர்த்ததை எல்லாம் திருப்பிச் சேர்த்து, கூடவே ஆடுறவங்களே மேடை அமைக்க ஒரு எடிட்டரும் கொடுத்தாங்க. சுவர் எங்க, காவலாளி எங்க, எந்த வழியில் நடக்கணும், எல்லாம் நீங்களே வைக்கலாம். அப்படி மக்கள் செஞ்சதை வச்சு ஒரு போட்டி நடத்தினாங்க. அதில் தேர்ந்தெடுத்த 100 மேடைகளை ஒரு தனி டிஸ்க்காகவே போட்டாங்க. பேரு "ஷினோபி ஹியாக்குசென்". நூறு தேர்வுகள் என்கிற மாதிரி.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1999. இன்னைக்கு மாதிரி இணையத்தில் ஏத்தி இறக்குற வசதி பிளேஸ்டேஷனில் கிடையாது. எங்கேயோ ஒரு வீட்டுல உட்கார்ந்து ஒரு ஆள் செஞ்ச மேடையை, ஒரு கம்பெனி டிஸ்க்கில் அச்சடிச்சுக் கடையில் வித்திருக்கு. அப்படி நூறு மேடை.

அந்த டிஸ்க் ஜப்பானை விட்டு வெளியே விற்பனைக்கு வரவே இல்லை.

நேத்து ராத்திரி அதில் ஒரு மேடை ஆடினேன். ஒரு குறுகலான சந்து. ஒரு முனையில் காவலாளி, திரும்பவே மாட்டேங்குறான். அரை மணி நேரம் முட்டி மோதினேன். கடைசியில பார்த்தா, பக்கத்துச் சுவர் மேல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம். யாரோ வேணும்னே எனக்காக விட்டு வச்ச மாதிரி. பேர் தெரியாது, முகம் தெரியாது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி அவர் போட்ட புதிரை இங்க நான் அவிழ்க்கிறேன். வாய்விட்டுச் சிரிச்சேன்.

இந்தச் சிரிப்புக்குத்தான் அந்தச் சிப் தேவைப்பட்டது. இனி சிப்புக்கு வருவோம்.

பிளேஸ்டேஷன் 1994 டிசம்பரில் ஜப்பானில் வந்தது. அடுத்த வருஷம் அமெரிக்கா, ஐரோப்பா. மொத்தம் 10 கோடிக்கும் மேல வித்த மெஷின். கேம் எல்லாம் சிடியில் வந்தது. சிடி அச்சடிக்கச் செலவு கம்மி. ஆனா ஒரு ஆபத்து: வீட்டுல சிடி ரைட்டர் இருந்தா யார் வேணும்னாலும் காப்பி எடுக்கலாம்.

அதுக்கு சோனி ஒரு பூட்டு கண்டுபிடிச்சது.

அந்த டிஸ்க்குகளோட அடிப்பக்கம் கறுப்பா இருக்கும், ஞாபகம் இருக்கா? "கறுப்பா இருக்கிறதால காப்பி எடுக்க முடியாது"ன்னு எங்க தெருவே நம்புச்சு. அது உண்மை இல்லை. லேசர் ஒளி அகச்சிவப்பு. அதுக்கு அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரிதான். கறுப்பு வெறும் அலங்காரம்.

நிஜப் பூட்டு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. டிஸ்க்கின் உள்விளிம்பில், லேசர் போகும் தடத்தை நேரா இல்லாம, மிக மிக லேசா நெளிய வச்சு அச்சடிச்சாங்க. அந்த நெளிவுக்குள்ள நாலு எழுத்து ஒளிஞ்சிருக்கும். ஜப்பான் டிஸ்க்குக்கு எஸ்.சி.இ.ஐ. அமெரிக்காவுக்கு எஸ்.சி.இ.ஏ. ஐரோப்பாவுக்கு எஸ்.சி.இ.இ.

மெஷின் ஆன் ஆனதும் முதலில் இதைத்தான் தேடும். தன் ஊரு எழுத்து இருந்தா திறக்கும். இல்லைன்னா மூடிக்கும். வீட்டு சிடி ரைட்டரால் டேட்டாவை எழுத முடியும், தடத்தை நெளிக்க முடியாது. அதனால காப்பி ஓடாது.

இப்போ கவனிங்க. ஒரே பூட்டு, ரெண்டு வேலை. காப்பியைத் தடுக்கிறது ஒண்ணு. வேற நாட்டு ஒரிஜினலைத் தடுக்கிறது இன்னொண்ணு. முதல் வேலையில் நியாயம் இருக்கு. ரெண்டாவது வெறும் வியாபாரம். ரெண்டையும் ஒரே நாலு எழுத்துல கட்டி வச்சாங்க. பின்னாடி வந்த எல்லாச் சண்டையும் இதுல இருந்து கிளம்பினதுதான்.

மக்கள் சும்மா இருப்பாங்களா?

முதல்ல வந்தது டிஸ்க் மாத்துற வித்தை. மூடி மூடியிருக்குன்னு மெஷினுக்குச் சொல்ற ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை ஒரு குச்சியால் அழுத்தி வச்சுட்டு, ஒரிஜினல் டிஸ்க்கைப் போட்டு, மெஷின் எழுத்தைப் படிச்ச அடுத்த நொடி டிஸ்க்கை மாத்துறது. நேரம் தப்பினா டிஸ்க்கில் கோடு விழும்.

அப்புறம் சிப் வந்தது. எட்டே கால். பிக் 12சி508 என்ற வகைச் சிப் பிரபலம். விரல் நகத்தைவிடச் சின்னது. அது செய்யுற வேலை ஒண்ணே ஒண்ணு: டிஸ்க்கில் இருந்து நெளிவு வர வேண்டிய நேரத்தில், மெஷின் எதிர்பார்க்கும் அந்த நாலு எழுத்தைத் தானே சொல்லிடும். மெஷின் நம்பிடும்.

உடம்புக்குள்ள சில கிருமிகள் இதைத்தான் செய்யும். நம்ம செல்லோட அடையாளத்தை ஒத்த ஒரு வேஷத்தைப் போட்டுக்கிட்டு நிக்கும். நோய் எதிர்ப்பு சக்தி "நம்மாளு"ன்னு விட்டுடும்.

இதுக்கு கேம் கம்பெனிகள் கொடுத்த பதிலடிதான் அருமை.

பழைய சிப் ஓயாது. கேட்டாலும் கேட்கலைன்னாலும் நாலு எழுத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கும். அதையே பொறியா வச்சாங்க. கேம் ஓடும்போதே, எழுத்து வரவே கூடாத ஒரு நேரத்தில் காது கொடுத்துக் கேட்கும். அப்பவும் எழுத்து வந்தா? ஆஹா, உள்ளே சிப் இருக்கு. கேம் நின்னுடும்.

2000இல் வந்த "ஸ்பைரோ" கேமின் மூணாம் பாகம் இன்னும் ஒரு படி மேல. யாராவது உடைச்சுத் திருத்தின காப்பின்னு தெரிஞ்சா உடனே நிக்காது. ஆட விடும். போகப் போகச் சேர்த்த பொருள் காணாமப் போகும், மொழி மாறும், கடைசி வில்லன்கிட்ட போனதும் எல்லாம் அழிஞ்சு முதல்ல இருந்து. எங்க தப்புன்னு கண்டுபிடிக்கவே உடைக்கிறவங்களுக்குப் பல வாரம் ஆச்சு.

சிப் செஞ்சவங்களும் விடலை. அடுத்த தலைமுறைச் சிப் மெஷின் ஆன் ஆகும்போது மட்டும் எழுத்தைச் சொல்லும். வேலை முடிஞ்சதும் வாயை மூடிக்கும். எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

அந்தச் சிப்புக்கு என்ன பேர் தெரியுமா? ஸ்டெல்த் சிப். ஒளிஞ்சு நிக்கிற சிப்.

பேசாம இரு, தேவையான ஒரு நொடியில் மட்டும் அசை, வேலை முடிஞ்சதும் இருட்டுக்குள்ள போ. ரிக்கிமாரு திரையில் செஞ்சதைத்தான் அந்தச் சிப் உள்ளே செஞ்சது. என் மெஷினில் இருக்கிறது அந்த வகைதான்.

இப்போ என் பக்கத்து உண்மையைச் சொல்லணும்.

நான் டென்ச்சு ஆடினது ஏழாவது படிக்கும்போது. எங்க ஊர்ல ஒரு வீடியோ கேம் கடை. ஒரு மணி நேரத்துக்கு 15 ரூபாய். ரெண்டு டிவி, ரெண்டு மெஷின், ஒரு அண்ணன். டிஸ்க் மேல மார்க்கர் பேனாவில் பேர் எழுதியிருக்கும். எல்லாமே காப்பி. ஒரிஜினல்னு ஒண்ணை நான் கண்ணாலேயே பார்த்தது இல்லை.

எல்லாரும் மல்யுத்தமும் கார் ரேஸும் ஆடுவாங்க. நான் டென்ச்சு கேட்பேன். அண்ணனுக்கு அது பிடிக்காது. "பதினஞ்சு ரூபா கொடுத்து ஒரு மணி நேரம் செவுத்துல ஒட்டிக்கிட்டு நிக்கிறான் பாரு"ன்னு சிரிப்பார். ஆனாலும் நேரம் முடிஞ்சா, ஒரு கட்டம் முடியற வரைக்கும் விடுவார்.

கடையை மூடினப்போ அந்த மெஷினை எங்கப்பா கொஞ்சக் காசுக்கு வாங்கிக் கொடுத்தார். பரண்மேல இருந்தது அதுதான்.

நான் கொடுத்த அந்தப் பதினஞ்சு ரூபாய்களில் ஒரு பைசாகூட அக்வயர் கம்பெனிக்குப் போகலை. அது திருட்டு. சின்னப் பையனா இருந்தேன், வேற வழி தெரியலை, எல்லாம் சரி. ஆனாலும் பேர் மாறாது. இதை மறைச்சுட்டு மேல எழுதினா இந்தப் பதிவுக்கு அர்த்தம் இல்லை.

அதே சமயம், அந்தச் சிப் இல்லைன்னா எங்க தெருவுல டென்ச்சுன்னு ஒண்ணு இருந்ததே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இருபது வருஷம் கழிச்சு ஒரு ஆள் ஜப்பானில் இருந்து ஒரிஜினல் தேடி வாங்கியிருக்கவும் மாட்டான்.

ரெண்டும் உண்மை. ஒண்ணு இன்னொண்ணை அழிக்காது.

இதே குழப்பம் கோர்ட்டுக்கும் போனது.

ஆஸ்திரேலியாவில் சிட்னி. எடி ஸ்டீவன்ஸ் என்பவர் பிளேஸ்டேஷனில் சிப் வச்சுக் கொடுத்தார், கூடவே காப்பி டிஸ்க்கும் வித்தார். சோனி வழக்குப் போட்டது. சிப் சம்பந்தமான கேள்வி நாட்டின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 2005 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஒருமனதாக ஸ்டீவன்ஸ் பக்கம்.

காரணம் ரொம்ப எளிமை. சட்டம் பாதுகாக்கிறது, காப்பி எடுக்கிறதைத் தடுக்கும் பூட்டை. சோனியின் பூட்டு காப்பி எடுக்கிறதைத் தடுக்கலை. காப்பி ஏற்கனவே எடுத்தாச்சு. அதை ஆட விடாமத்தான் தடுக்குது. ரெண்டும் வேற வேற. அதோட, வெளிநாட்டில் நியாயமா வாங்கின ஒரிஜினலையும் இதே பூட்டு தடுக்குதே என்பதையும் நீதிபதிகள் கவனிச்சாங்க.

காப்பி டிஸ்க் வித்தது தப்பில்லைன்னு கோர்ட் சொல்லலைன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. சிப்பை மட்டும்தான் தனியா எடைபோட்டது.

அந்த வெற்றி ரொம்ப நாள் நிக்கலை. அமெரிக்காவோட போட்ட வர்த்தக ஒப்பந்தத்தை ஒட்டி, அடுத்த வருஷமே ஆஸ்திரேலியா சட்டத்தைத் திருத்தியது.

அமெரிக்காவில் கதை முன்னாடியே முடிஞ்சுடுச்சு. பூட்டை உடைக்கிறதே குற்றம்னு சொல்ற டி.எம்.சி.ஏ. சட்டத்தில் அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்டது எப்போ தெரியுமா? 1998 அக்டோபர். டென்ச்சு வந்த அதே வருஷம்.

இந்தியாவில்? 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, கூடவே அபராதம். ஆனா அதில் ஒரு முக்கியமான வரையறை இருக்கு: உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைச்சிருக்கணும். நான் வக்கீல் இல்லை. ஆனா எந்த நோக்கத்துக்காகன்னு கேட்கிற சட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு. அதே கத்திதான், அறுவை அரங்கில் ஒண்ணு, தெருவில் வேற ஒண்ணு.

சரி. திருட்டு டிஸ்க்கால் அக்வயர் அழிஞ்சுதா?

இங்கதான் கதையில் திருப்பம்.

2000இல் டென்ச்சு ரெண்டாம் பாகம் வந்தது. அதோட அந்தப் பேர் அக்வயர் கையை விட்டுப் போனது. பேரின் உரிமை ஆக்டிவிஷனிடம். 2003இல் பிளேஸ்டேஷன் 2க்கு வந்த மூணாம் பாகத்தைச் செஞ்சது வேற கம்பெனி. 2004இல் அந்த உரிமையை ஃப்ரம்சாஃப்ட்வேர் வாங்கியது.

பெத்தவங்க வெளியே. பிள்ளை வேற வீட்டுல.

அக்வயர் என்ன செஞ்சாங்க? 2005இல் "ஷினோபிடோ"ன்னு வேற பேரில், அதே ஓட்டுக்கூரை, அதே கொக்கி, அதே இருட்டோட ஒரு கேம் செஞ்சாங்க. பேரைத்தான் எடுத்துக்க முடியும், கையில இருக்கிற வித்தையை எடுத்துக்க முடியாதுல்ல? பின்னாடி 2008இல் நாலாம் பாகத்துக்கு அவங்களையே திரும்பக் கூப்பிட்டாங்க.

அப்புறம் ஃப்ரம்சாஃப்ட்வேர். மறுபடி ஒரு டென்ச்சு செய்யலாம்னு அங்க ஒரு திட்டம் தொடங்கினாங்க. வளர வளர அது வேற உருவம் எடுத்தது. கொக்கி வீசுற நிஞ்சா அப்படியே இருந்தான், பேர் மட்டும் மாறுச்சு. 2019இல் "செகிரோ"ன்னு வந்தது. அந்த வருஷத்தின் சிறந்த கேம் விருது வாங்கி, 1 கோடிக்கும் மேல வித்தது. அதை இயக்கிய ஹிடெடாக்கா மியாசாக்கியே இந்தத் தொடக்கத்தைச் சொல்லியிருக்கார்.

இன்னும் கேளுங்க. ஃப்ரம்சாஃப்ட்வேரின் உரிமையாளர் கடோகாவா நிறுவனம். 2024இல் அதே கடோகாவா அக்வயரையும் வாங்கிடுச்சு. கால் நூற்றாண்டு கழிச்சு, பேரும் அதைப் பெத்தவங்களும் ஒரே கூரைக்குக் கீழ வந்தாச்சு.

ஆக அக்வயரிடம் இருந்து டென்ச்சுவைப் பறிச்சது எங்க தெருக்கடை இல்லை. ஒரு ஒப்பந்தம். எங்க கடை திருடினது காசை. ஒப்பந்தம் எடுத்தது பேரை. சிப்பைப் பத்தி ஆயிரம் பக்கச் சட்டம் இருக்கு. ரெண்டாவதைப் பத்தி யாரும் மூச்சு விடுறது இல்லை.

கடைசியா ஒரு விஷயம். இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் மெஷின் சாகப் போகுது.

பழைய மாடல். லேசர் நகரும் பாகம் பிளாஸ்டிக். பக்கத்திலேயே மின்சாரப் பலகையின் சூடு. வருஷக்கணக்கில் தேய்ஞ்சு, லேசர் சாஞ்சுடுச்சு. நிமிர்ந்து வச்சா டிஸ்க் படிக்காது. தலைகீழா கவிழ்த்து வச்சா படிக்கும். அந்தக் காலத்துலயே உலகம் முழுக்க எல்லாரும் செஞ்ச வைத்தியம்தான் இது.

கொரோனா காலத்தில் ஆக்சிஜன் இறங்கின நோயாளிகளை நாங்க குப்புறப் படுக்க வச்சோம், ஞாபகம் இருக்கா? அதே மாதிரி. கொஞ்ச நேரம் கிடைக்கும். நோய் போகாது.

இது என் வீட்டு மெஷின் மட்டும் இல்லை. அமெரிக்காவில் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. அந்த நாட்டில் 2010க்கு முன்னாடி வந்த கேம்களில் 87 சதவீதத்தை இன்னைக்குக் கடையில் புதுசா வாங்கவே முடியாது. பத்தில் ஒன்பது கிட்டத்தட்டக் காணோம்.

சரி, நூலகத்தில் வச்சு ஆராய்ச்சியாளர்களுக்காவது இணையம் வழியா கொடுக்கலாமான்னு கேட்டாங்க. 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் முடியாதுன்னு சொல்லிடுச்சு.

ஒரு நாவல் அச்சில் இல்லைன்னா நூலகத்தில் தேடலாம். பழைய படத்துக்கு ஒரு பிரிண்ட் எங்கேயாவது இருக்கும். கேமுக்கு டிஸ்க் இருந்தா போதாது. அதை ஓட்டுற மெஷின் வேணும், அந்த மெஷின் அந்த டிஸ்க்கை ஏத்துக்கணும். மக்கள் ஆசையா செஞ்ச நூறு மேடை என் கையில் இருக்கு. அதைத் திறக்குற சாவி, திருட்டுக்காக வச்ச ஒரு எட்டுக்கால் சிப்.

திருட்டு டிஸ்க் வாங்குங்கன்னு நான் சொல்லலை. கடையில் கிடைக்கிறதைக் காசு கொடுத்து வாங்குங்க. செஞ்சவங்க வயிறும் நிறையணும். "செகிரோ" நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன், சின்ன வயசுக் கடனில் ஒரு பங்காவது தீரட்டும்னு.

ஆனா கம்பெனியே விக்காத பொருளை, எங்கேயோ தேடி ஒரிஜினலா வாங்கி, தன் சொந்த மெஷினில் ஓட்டுற ஆளையும், லட்சம் காப்பி அடிச்சு விக்கிற ஆளையும் ஒரே தராசில் வைக்காதீங்க. ஆஸ்திரேலிய நீதிபதிகள் பிரிச்சுப் பார்த்தது இதைத்தான்.

உங்க வீட்டுப் பரண்மேல பழைய பிளேஸ்டேஷன் இருக்கா? காயலான் கடையில் கிலோ கணக்கில் போட்டுடாதீங்க. உள்ளே சிப் இருந்தா இன்னும் பத்திரமா வைங்க. டிஸ்க்கை வெயிலில் வைக்காதீங்க. மெமரி கார்டைத் தூக்கிப் போடாதீங்க. உங்க பன்னிரண்டு வயசு அதுக்குள்ளதான் சேவ் ஆகியிருக்கு.

அந்தக் கடை அண்ணனைப் போன வருஷம் எங்க மருத்துவமனை சர்க்கரை நோய் ஓ.பி.யில் பார்த்தேன். முதலில் அவருக்கு என்னைத் தெரியலை. மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, "அண்ணே, டென்ச்சு இருக்கா?"ன்னு கேட்டேன். ரெண்டு நொடி முழிச்சார். அப்புறம் சிரிச்சார்.

"செவுத்துல ஒட்டிக்கிட்டே நிப்பியே, அந்தப் பையனா?"

ஆமாண்ணே. அதே பையன்தான். இன்னும் அங்கதான் நிக்கிறேன்.